நினைவு மலரில் நீ பொறியியலாளன்

மலை போன்ற என் அண்ணாவுக்கு,

உன் மேல் அன்பு இருக்கிறது. அது எங்கேயும் போகாது. ஆனால் இந்தக் கடிதம் கோபத்தில் எழுதுவது.

முதலில் செய்தி. உன் முப்பத்தோராம் நாள் கிரியை முடிந்துவிட்டது. சனம் வந்தது, சாப்பிட்டது, வாகனம் நிறுத்த இடமில்லை என்று புறுபுறுத்தது, போனது. எல்லார் கையிலும் உன் நினைவு மலர் இருந்தது.

அதைப் பற்றித்தான் எழுத வேண்டும்.

உன் சாம்பல் கைக்கு வருவதற்கு முன்பே பெரியப்பா மலர் வேலையைத் தொடங்கிவிட்டார். அப்பா போன பிறகு இந்த ஜெர்மனியில் எங்கள் வீட்டில் எதற்கும் பெரியவர் அவர்தானே. செத்தவரின் வாழ்க்கையைப் புத்தகமாக அடித்து, சாப்பாட்டோடு கையில் கொடுத்தால்தான் எங்கள் ஆட்களுக்குச் சாவு முடியும். அட்டையில் படம். படத்துக்குக் கீழே மலர்வு, உதிர்வு. உள்ளே தேவாரம். பிறகு வாழ்க்கை வரலாறு: இளமைக்காலம், கல்வி, குணம்.

படம் கைபேசிக்கு வந்தது. நீ கோட் போட்டிருந்தாய். கழுத்துப்பட்டி வேறு.

நீ கோட் போட்டதே இல்லை. அது அச்சகக்காரரின் கோட். கணினியில் தயாராக வைத்திருக்கிறார். யாருடைய தலையையும் அதில் பொருத்துவார். உன் தோள்கள் அதற்குள் அடங்கவில்லை. ஆகவே தோள்களை வெட்டிவிட்டார். சின்னக் கழுத்தும் ஒடுங்கிய மார்புமாக, ஒரு வங்கி எழுத்தரைப் போல நீ சிரித்துக்கொண்டிருந்தாய்.

பிறகு பெரியப்பா எங்கள் குசினி மேசையில் இருந்து வாழ்க்கை வரலாற்றை வாசித்தார். சிறு வயதிலேயே கல்வியில் கண்ணாயிருந்தாய். அமெரிக்கா சென்று பொறியியல் கற்றாய். கற்றுக்கொண்டிருக்கையில் இறைவன் உன்னைச் சடுதியாக அழைத்துக்கொண்டான். நீ விளையாடிய அமெரிக்கன் ஃபுட்போல் பற்றி ஒரு சொல் ஓர் இடத்திலும் இல்லை.

அம்மா தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார்.

“அத்தான், இது ஆற்றை பிள்ளை?”

“என்ன கேள்வி இது? உன்ரை பிள்ளைதான்.”

“என்ரை பிள்ளை கணக்குப் பாடத்திலை ரெண்டு தரம் விழுந்தவன். நீங்கள்தானே எல்லாருக்கும் சொல்லிச் சிரிச்சனீங்கள்.”

“செத்த பிள்ளையைப் பற்றி நல்லதா நாலு வரி எழுதுறதுதான் முறை. முட்டுப்பட்டு விளையாடினவன் எண்டு எழுதுறதோ? மாடே அவன்?”

அம்மா என்னைப் பார்த்தார். “பிள்ளை, நீ எழுது. நீதானே லைப்சிக்கிலை இலக்கியம் படிக்கிறாய்.”

இப்படித்தான் உன் வாழ்க்கை என் கைக்கு வந்தது. எனக்கு அது தேவையாக இருந்ததா? நீ கேட்டாயா?

இளமைக்காலம்.

தமிழ்ப் பள்ளிக்கூட நாடகத்தில் நீ மலை. ஒவ்வொரு வருடமும் மலை. வசனம் இல்லை, பச்சைப் போர்வை மட்டும். விளையாட்டுப் போட்டியில் கயிறிழுத்தலுக்கு மட்டும் உன்னைத் தேடுவார்கள். கயிற்றின் கடைசி முனையை உன் இடுப்பில் சுற்றுவார்கள். வென்ற பிறகு கோப்பையைத் தூக்குவது வேறு யாரோ. மற்ற நாட்களில் உன் பெயர் குண்டன். கலியாண வீட்டில் மாமிமார் உன் தட்டைப் பார்த்துக் கதைத்தார்கள். நீ சிரித்தாய். அந்தச் சிரிப்பை நான் வெறுத்தேன்.

பிறகு பள்ளித் தோழன் ஒருவனோடு எஸ்-பான் ரயிலில் இரண்டு தரிப்பிடம் தள்ளி, அவன் விளையாடும் ஃபுட்போல் கழகத்துக்குப் போனாய். ஈரப் புல், கோணலான வெள்ளைக் கோடுகள். நானும் வந்தேன், வீட்டில் என்னைப் பார்த்துக்கொள்ள ஆளில்லாததால். பயிற்சியாளர் உன்னை மேலிருந்து கீழாகப் பார்த்தார். ஒரு பெரியவர் உன் உடம்பைப் பார்த்துச் சந்தோஷப்பட்டதை நான் கண்டது அதுதான் முதல் தடவை. “நாளைக்கே தொடங்கலாமா?” என்று டொச் மொழியில் கேட்டார்.

நீ என்னைத் திரும்பிப் பார்த்தாய். அந்த முகத்தையும் மலரில் போட முடியாது.

உனக்குக் கொடுத்த இடம் முன்வரிசை. பந்தை எறிபவனுக்கு முன்னால் நின்று, அவன்மேல் பாய வருகிறவர்களை உடம்பால் தடுப்பது. அவ்வளவுதான் வேலை. இதை அம்மாவுக்கு நான் இந்த மாதம்தான் விளக்கினேன். இத்தனை வருடமாக உன் உடுப்பைத் தோய்த்தவருக்கு.

“பந்து அவனிட்டை வராதோ?”

“வராது அம்மா.”

“ஒருக்காலுமோ?”

“ஆராவது தவறவிட்டால் வரும்.”

அம்மா உன் சட்டையை மடித்து வைத்தார். “அப்ப அங்கையும் கயிற்றிலை கடைசி ஆள்தான்,” என்றார்.

கல்வி.

பெரியப்பாவின் மலரில் பொறியியல். உண்மையில் விளையாட்டு முகாமைத்துவம், அதுவும் அரைகுறை. அமெரிக்காவில் சோளக்காட்டுக்கு நடுவில் ஒரு கல்லூரி. உன் விளையாட்டை ஒளிப்பதிவில் பார்த்துவிட்டு அவர்களே கூப்பிட்டார்கள், படிப்பும் சாப்பாடும் இலவசமாக. முதல் வருடம் ஒரு நிமிடமும் விளையாடவில்லை. உடம்பை இன்னும் பெருக்கச் சொன்னார்கள், பெருக்கினாய். இரண்டாம் வருடம் மைதானக் கோட்டுக்கு வெளியே நின்று தண்ணீர் குடித்தாய். மூன்றாம் வருடம் இடப்பக்கத்தில் நிரந்தர இடம்.

அந்த வருடம் எல்லா ஆட்டமும் மடிக்கணினியில் பார்த்தேன். உன் சட்டையின் முதுகில் பாலசுப்பிரமணியம், ஒரு தோளிலிருந்து மறு தோள்வரை வளைந்து. அப்பாவின் பெயர் முழுதாக அடங்கிய ஒரே இடம் அதுதான். இங்கே எந்த அலுவலகத்திலும் அது பாதியில் வெட்டுப்படும். வர்ணனையாளர் அதைச் சொல்ல முயன்று தோற்று, 'அந்தப் பெரிய ஜெர்மன்காரன்' என்றார். நான் திரையைப் பார்த்துக் கெட்ட வார்த்தை சொன்னேன்.

பிறகு ஒருநாள் நீ வீட்டு வாசலில் வந்து நின்றாய். விடுமுறை என்றாய். பழைய கழகத்தோடு பயிற்சிக்குப் போனாய். அவர்கள் உன்னைக் கட்டிப்பிடித்தார்கள், எதுவும் கேட்கவில்லை. நீயும் சொல்லவில்லை. ஒரு சனிக்கிழமை, அந்த ஈரப் புல்லில், யாரும் உன்னைத் தொடாதபோது விழுந்தாய்.

உன் செத்தவீட்டுக்கு டேரல் வந்தான். கல்லூரியில் உன் அறைத் தோழன், வரிசையில் உனக்குப் பக்கத்தில் நிற்பவன். அவன் இருந்த கதிரை முனகியது. அழுதழுது மூக்கு வீங்கியிருந்தது. வெளியே வந்து என்னிடம் ஆங்கிலத்தில் கேட்டான்:

“இதயத்தைப் பற்றி உங்களிடம் சொன்னான்தானே?”

இல்லை என்றேன்.

அவன் முகம் மாறியது. அவனே சொன்னான். உன் இதயத் தசை தடித்திருந்தது. கல்லூரி மருத்துவர் கண்டுபிடித்தார். இனி விளையாடக் கூடாது, படிப்பை முடிக்கலாம், பணம் நாங்கள் கொடுப்போம் என்றார்கள். இன்னொன்றும் சொன்னார்கள்: இது பரம்பரையாக வருவது, கூடப் பிறந்தவர்களிடம் உடனே சொல்.

கூடப் பிறந்தவள் நான் ஒருத்திதான் அண்ணா. உனக்கு ஒரே ஓர் ஆளிடம் சொல்ல வேண்டியிருந்தது. வார இறுதியில் நான் வீட்டுக்கு வந்தபோதெல்லாம் ஒரே மேசையில் சாப்பிட்டோம். நான் எஸ்-பானைப் பிடிக்க ஓடியபோது பின்னால் நின்று 'ஓடு, ஓடு' என்று கத்தினாய். என்ன நினைத்துக்கொண்டு கத்தினாய்?

நான் பரிசோதித்துக்கொண்டேன். எனக்கும் இருக்கிறது. கொஞ்சமாக. மாத்திரை தந்திருக்கிறார்கள், ஓட வேண்டாம் என்றிருக்கிறார்கள். நீ செத்ததால் எனக்குத் தெரியவந்தது. நீ சொல்லியிருந்தால், நீ சாகாமலே எனக்குத் தெரிந்திருக்கும்.

உன்னை விளங்கிக்கொள்ள என்னால் முடியும், அதுதான் எரிச்சல். விளையாட்டு இல்லாவிட்டால் நீ மறுபடி குண்டன். ஆனால் விளங்கிக்கொள்வது மன்னிப்பது ஆகாது.

எல்லாவற்றையும் அம்மாவிடம் சொன்னேன். அம்மா அழவில்லை. “அப்ப ஆருக்காகச் செத்தவன்?” என்று கேட்டார். உன்னிடம் பதில் இருக்கிறதா?

மலருக்கு எழுதினேன். குண்டன் என்று கூப்பிட்டதை எழுதினேன். முன்வரிசையை எழுதினேன். கடைசியில் இரண்டு வரி: மயூரனின் நோய் தந்தை வழியில் வந்தது. அந்த வழியில் பிறந்தவர்கள் இதயத்தைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள்.

பெரியப்பா வாசித்தார். காது சிவந்தது.

“பிள்ளை, உனக்கு விசரே? என்ரை மகளுக்கு மாப்பிள்ளை பாத்து வாய்ப்பேச்சு முடிஞ்சு கிடக்கு. அந்தப் பகுதி ஆக்களும் வருவினம். கையிலை இதைக் குடுக்கிறதோ?”

“தர்சினி அக்காவுக்கும் அதே அப்பப்பாதானே, பெரியப்பா.”

“அவளுக்கு ஒண்டுமில்லை!”

“செக் பண்ணினவாவோ?”

“உன்னையும் ஒருத்தனும் கட்டமாட்டான். அதை யோசிச்சனியோ?”

“ஓம். யோசிச்சுத்தான் எழுதினனான்.”

“இதை அச்சடிச்சால் நான் மண்டபப் படி ஏறமாட்டன்.”

அம்மா கதவைத் திறந்துவிட்டார். “உங்கடை தம்பி, இவையின்ரை அப்பா, வேலையிலை பெட்டி தூக்கேக்கை விழுந்தவர். மாரடைப்பு எண்டு சொல்லி நாங்கள் அழுதிட்டு விட்டிட்டம். அப்ப ஆராவது சொல்லியிருந்தால் என்ரை பிள்ளை இருந்திருப்பான், அத்தான். நீங்கள் வராட்டிலும் பரவாயில்லை.”

பெரியப்பா சப்பாத்துக் கயிற்றைக் கட்டாமலே படியிறங்கினார்.

பிறகு அம்மா என்னிடம் ஒன்று சொன்னார். “எல்லாத்தையும் போடு. ஆனா அவனைத் திட்டிப்போடாதை. தேவாரத்துக்குப் பக்கத்திலை திட்டு வேண்டாம்.”

ஆகவே அங்கே நீ அமைதியாக இருக்கிறாய். திட்டு எல்லாம் இங்கே, இந்தக் கடிதத்தில்.

ஆனாலும் முப்பத்தோராம் நாளுக்குப் பெரியப்பா வந்தார். வராவிட்டால் சனம் கேட்குமே. என்னைப் பார்க்காமல் கடைசி வரிசையில் இருந்தார். மாப்பிள்ளை பகுதியினர் மலரை வாங்கினார்கள், புரட்டினார்கள், தங்களுக்குள் ஏதோ கதைத்தார்கள். மோருக்குக் காத்திராமல் எழும்பிப் போனார்கள். பெரியம்மா என் பக்கம் வந்து, “இப்ப உனக்குச் சந்தோசமோ?” என்றார்.

தர்சினி அக்கா மலரை விரித்தபடி வந்தார். விரல் அந்தக் கடைசி இரண்டு வரியில்.

“இது உண்மையோ?”

“ஓம் அக்கா.”

“அப்பாவுக்கு முதலே தெரியுமோ?”

அக்கா திரும்பிக் கடைசி வரிசையைப் பார்த்தார். அவ்வளவு தூரத்தில் பெரியப்பா தலையைக் குனிந்ததை இருவரும் பார்த்தோம்.

“எனக்குப் படியேறேக்கை மூச்சு வாங்கும்,” என்றார் அக்கா. “பள்ளிக்கூடக் காலத்திலை இருந்தே. ஒருத்தருக்கும் சொல்லேல்லை. கலியாணம் குழம்பும் எண்டு.”

பிறகு, “உன்ரை டொக்டரிட்டை எனக்கொரு டெர்மின் எடுத்துத் தா.”

சந்திப்பு நேரம் எடுத்துவிட்டேன், அண்ணா. பிராங்பேர்ட்டில். வரவேற்பறையில் அக்காவுக்குப் பக்கத்தில் நான் இருப்பேன். என்ன வந்தாலும் அவரிடமும் அவர் அம்மாவிடமும் மறைக்க விடமாட்டேன். என் உடம்பில் எது நடந்தாலும் அன்றைக்கே எங்கள் அம்மாவிடம் சொல்வேன், அவர் அழுதாலும். உன்னை யார் பொறியியலாளன் என்றாலும் அவர் முகத்துக்கு நேரே இல்லை என்பேன். உன்னை வீரன் என்றாலும் இல்லை என்பேன். இது வாக்கு.

கோபம் ஆற நாளாகும். அதுவரை உயிரோடிருக்கப் போகிறேன்.

நீ சொல்லாமல் விட்ட அந்த ஓர் ஆள்,
உன் தங்கை
யாழினி