அம்மாவை எங்கே விட்டிருக்கிறேன் என்றால்

என் ராஜி அக்கா,

நீ இருந்தவரை உனக்கு நான் ஒரு கடிதம்கூட எழுதியதில்லை. ஒரே வீட்டில், ஒரே சட்டியில் சாப்பிட்டவர்களுக்கு எதற்குக் கடிதம்? இப்போது சொல்ல வேண்டியது நிறைய இருக்கிறது, கேட்க ஆள் இல்லை. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். படிப்பவர்கள் படித்துவிட்டுப் போகட்டும்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் நீ பதறுவாய். அம்மா உயிரோடு இருக்கிறாள். ஆனால் நம் வீட்டில் இல்லை.

உன் கருமாதி முடிந்த அன்று பினாங்கிலிருந்தும் கோலாலம்பூரிலிருந்தும் வந்த சொந்தம் எல்லாம் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, "மணியம், அம்மாவ நல்லாப் பாத்துக்க" என்றார்கள். காடிக் கதவைத் திறந்து ஏறும்போதும் ஒருமுறை சொன்னார்கள். சொல்வதில் நம் ஆட்களைக் குறை சொல்லவே முடியாது. ஊர் போய்ச் சேர்ந்த பிறகு ஒருவரும் கூப்பிடவில்லை.

இருந்த லீவை எல்லாம் எடுத்துத் தீர்த்தேன். அம்மாவைக் குளிப்பாட்டினேன், பேம்பர்ஸ் மாற்றினேன். மகன் செய்கிறானே என்று அவள் கண்ணை மூடிக்கொள்வாள். அதுகூடப் பரவாயில்லை, சாப்பாடுதான் பெரும்பாடு. நான் கரண்டியை நீட்டினால் உதட்டை இறுக்கிக்கொண்டு முகத்தைத் திருப்பிவிடுவாள். ஸ்ட்ரோக் வந்த பிறகு அவளுக்கு விழுங்குவது சரியில்லை, தண்ணீரைக்கூட மாவு கலந்து கெட்டியாகத்தான் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் நுரையீரலுக்குள் இறங்கிவிடும் என்று ஆஸ்பத்திரியில் சொன்னது உனக்கல்லவா மனப்பாடம்? நிமிர்த்தி உட்காரவைத்து, தாடையைக் கொஞ்சம் தாழ்த்தி, சின்னக் கரண்டியில் ஒரு வாய் கஞ்சி. தொண்டை அசைகிறதா என்று பார்த்துவிட்டு அடுத்த வாய். ஒரு கோப்பைக் கஞ்சிக்கு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருப்பாய். நானோ, அக்கா டிவி நாடகம் பார்த்துக்கொண்டு நேரத்தை ஓட்டுகிறாள் என்று கிண்டல் செய்வேன்.

லீவு முடிந்தது. கூலிம் ஹைடெக் பூங்காவில் பன்னிரண்டு மணி நேர ஷிப்ட், போக வர நேரம் வேறு. அடுத்த வீட்டுக் காளியம்மா சில நாள் பார்த்துக்கொண்டாள். பாவம், அவளுக்கே முட்டி மடங்கவும் மாட்டேன் நிமிரவும் மாட்டேன் என்கிறது. ஒருநாள் அம்மாவைத் தூக்கப்போய் இரண்டு பேரும் தரையில் கிடந்தார்கள். அன்றைக்குத்தான் இல்லம் தேட ஆரம்பித்தேன்.

என் வேலை என்னவென்று உனக்குத் தெரியும். சிப்புகளில் குறை கண்டுபிடிப்பது. வெளிநாட்டிலிருந்து ஆய்வுக்கு வருகிறார்கள் என்று முன்கூட்டியே தெரிந்தால் எங்கள் தொழிற்சாலை எப்படி மாறும் என்பதைப் பல வருடமாகப் பார்த்தவன் நான். தரையில் புதுக்கோடு போடுவார்கள், காணாமல்போன தீயணைப்பான் திரும்பி வந்து நிற்கும். ஆகவே எந்த இல்லத்துக்கும் சொல்லாமல்தான் போக வேண்டும், அவர்கள் சாதாரணமாக இருக்கும்போது பார்க்க வேண்டும் என்று முடிவு செய்துகொண்டேன். பெரிய கெட்டிக்காரன் என்று நினைப்பு.

ஆனால் வயதானவர்கள் இருக்கும் இடத்துக்கு வெறுங்கையோடு எப்படிப் போவது? பாடாங் செராய் பாசாரில் ஆரஞ்சும் வாழைப்பழமும் வாங்கிக்கொண்டேன். நான் கெட்டது அந்தப் பழப்பையால்தான். நம் ஊரில் ஒரு தமிழன் பழப்பையோடு முதியோர் இல்லத்து வாசலில் நின்றால் அவன் யார்? உபயக்காரன். பிறந்தநாளுக்கோ திதிக்கோ சாப்பாடு போட வந்தவன்.

அலோர் ஸ்டாரில் ஒரு இல்லம். என்னைக் கண்டதும் நாற்காலி வந்தது, குடிக்க மைலோ வந்தது. படுத்திருந்தவர்களை எல்லாம் எழுப்பிக் கொண்டுவந்து வரிசையாக உட்காரவைத்தார்கள். ஒரு கிழவர் தூக்கக் கலக்கத்தோடு என்னை ஆசீர்வதித்தார். முன்பக்க கிரில் கதவுக்குப் பெரிய பூட்டு, பின்பக்கத்துக்கும் ஒரு பூட்டு, சாவி ஒரே ஆளின் இடுப்பில். "நெருப்பு கிருப்பு புடிச்சா என்னா செய்வீங்க?" என்று கேட்டேன். "அதெல்லாம் ஒன்னும் வராது லா அண்ணே, சாமி இருக்கு" என்றார் சாவிக்காரர். சாவியும் சாமியும் ஒரே ஆளிடம் இருக்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

சுங்கை பட்டாணியில் இன்னொன்று. கட்டில்கள் சுத்தமாக இருந்தன, குளியலறையில் பிடித்துக்கொள்ளக் கம்பி இருந்தது. ஆனால் படுத்திருந்தவர்களில் ஒருவர்கூடக் கண்ணைத் திறக்கவில்லை. பட்டப்பகலில் எல்லோருக்கும் அப்படி என்ன தூக்கம் என்று கேட்டேன். எந்தத் தேதிக்குச் சாப்பாடு போடப்போகிறேன் என்று என்னைத் திருப்பி விசாரித்தார்கள். ஒருவரின் போர்வையை விலக்கிப் பார்க்க ஆசையாகத்தான் இருந்தது. முதுகில் புண் இருக்கிறதா என்று பார்த்தால் பாதிக் கதை தெரிந்துவிடும். பழம் கொடுத்த கையால் போர்வையை விலக்க முடியுமா, சொல்?

மூன்றாவது இடத்தின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. அதை நடத்துவது தமிழ்ப்பள்ளியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு அம்மா. எல்லோரும் டீச்சர் என்றுதான் கூப்பிடுகிறார்கள். கெட்டவர் இல்லை அக்கா. கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ சுலபம். அவரும் என் பழப்பையைப் பார்த்துவிட்டு, "எந்த ஞாயித்துக்கெழம வேணும் அண்ணே? யாரு பேருல உபயம்?" என்றார். யோசிக்கவே இல்லை, "எங்க அக்கா பேருல. ராஜேஸ்வரி" என்று வாயில் வந்துவிட்டது.

அந்த ஞாயிற்றுக்கிழமை உன் பெயரில் சாப்பாடு போட்டேன். சோறு, சாம்பார், பொரியல், பாயசம். சாப்பிடுவதற்கு முன்னால் அத்தனை பேரும் கைகூப்பி உன் பெயரைச் சொல்லி உன் ஆத்மா சாந்தியடைய வேண்டும் என்று வேண்டினார்கள். பல்லில்லாத ஒரு பாட்டி, "நல்ல மக, சாமி பாத்துக்கும்" என்றாள், உன்னைப் பார்த்ததுகூட இல்லாமல். எனக்கு அழுகை வந்துவிட்டது. அங்கே எத்தனை பேருக்கு ஒரு வேலைக்காரி, கட்டிலுக்குப் பக்கத்தில் மணி உண்டா, விழுங்க முடியாதவர்களுக்கு யார் ஊட்டுகிறார்கள், இதை எல்லாம் கேட்கத்தான் போயிருந்தேன். எதையும் கேட்கவில்லை. உனக்காக வேண்டியவர்கள் அம்மாவையும் பார்த்துக்கொள்வார்கள் என்று தோன்றியது. மறுவாரமே அம்மாவைக் கொண்டுபோய் விட்டேன்.

அன்றைக்கே முடியை வெட்டிவிட்டார்கள். "பேன் வந்துரும் அண்ணே, கழுவவும் லேசு" என்றார் டீச்சர். நீ தினமும் எண்ணெய் வைத்துப் பின்னிவிட்ட முடி. அம்மா தலையைத் தடவிப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவளுக்கு இப்போது வாயில் நாலைந்து வார்த்தைதான் வருகிறது, உனக்குத் தெரியுமே. அதில் ஒன்று உன் பெயர். "ராஜி?" என்றாள். நீ செத்ததை நான் பலமுறை சொல்லிவிட்டேன். சொல்லும்போது அழுவாள். காலையில் மறுபடியும் கேட்பாள். அதற்கப்புறம் நான் சொல்வதை விட்டுவிட்டேன்.

விழுங்குகிற விஷயத்தை மட்டும் டீச்சரிடம் விளக்கமாகச் சொன்னேன். அவரும் அக்கறையாகக் கேட்டு, அம்மாவின் கட்டிலுக்கு மேலே சிவப்பு எழுத்தில் எழுதி மாட்டினார், தமிழிலும் மலாயிலும். கஞ்சி மட்டும், தண்ணீர் கூடாது. அங்கே வேலை செய்யும் இந்தோனேசியப் பெண்ணுக்கும் அது தெரியும். நல்ல பெண். ஆனால் எல்லோருக்கும் அவள் ஒருத்திதான். அம்மாவோ அவளிடமும் வாயைத் திறக்கவில்லை. நாளுக்கு நாள் இளைத்துக்கொண்டே வந்தாள்.

இனிமேல் வருவதைத்தான் அக்கா, எழுதாமல் தள்ளிக்கொண்டே வந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை. எனக்கு ஷிப்ட். ஒரு குடும்பம் பிள்ளையின் பிறந்தநாளுக்குச் சாப்பாடு கொண்டுவந்திருந்தது. உபயம் என்றால் எல்லோரையும் முன்கூடத்துக்குத் தள்ளிக்கொண்டு வந்துவிடுவார்கள். அம்மாவையும் சக்கர நாற்காலியில் கொண்டுவந்தார்கள். சிவப்பு எழுத்து கட்டிலுக்கு மேலேயே இருந்துவிட்டது. எங்கள் தொழிற்சாலையில் சந்தேகமான சிப்புத் தட்டு எங்கே போனாலும் அதன் எச்சரிக்கைச் சீட்டு கூடவே போகும், சுவரில் ஒட்டமாட்டோம். அரிசி அளவு சிப்புக்கு இருக்கிற முறை என்னைப் பெற்றவளுக்கு இல்லை. இந்தோனேசியப் பெண் பின்னால் யாருக்கோ துணி மாற்றிக்கொண்டிருந்தாள்.

வயதானவர்களுக்குக் கையால் ஊட்டினால் புண்ணியம் என்பார்கள் நம் ஆட்கள். அந்தப் பிள்ளையின் தாய் பச்சைச் சேலை, பெரிய பொட்டு, உன் உடம்புவாகு. அம்மாவுக்கு முன்னால் உட்கார்ந்து, "ஆ காட்டுங்கம்மா" என்றிருக்கிறாள். வீடியோ எடுத்திருக்கிறார்கள், நான் பார்த்தேன். அம்மா அவளை நன்றாக உற்றுப் பார்க்கிறாள். "ராஜி" என்கிறாள். வாயைத் திறக்கிறாள். பிரியாணிச் சோறு ஒரு வாய், இன்னொரு வாய், பிறகு பாயசம். சுற்றி நிற்பவர்கள் கைதட்டுகிறார்கள். அம்மா சிரிக்கிறாள் அக்கா. நீ போன பிறகு அவள் சிரித்து நான் பார்த்தது அந்த வீடியோவில்தான். அப்புறம் இருமல் வருகிறது. யாரோ தண்ணீர் கொண்டுவந்து புகட்டுகிறார்கள். அங்கே வீடியோ நின்றுவிடுகிறது.

நுரையீரலில் சளி கட்டிக்கொண்டு அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தாள். மூச்சுக்கு முகமூடி, கையில் ஊசி. அந்தப் பச்சைச் சேலைக்காரி வந்தாள். அவளை நாலு வார்த்தை கேட்டுவிட வேண்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டுதான் எழுந்தேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "எங்கம்மாவுக்குக் கடைசிக் காலத்துல ஒரு வாய் குடுக்க முடியல அண்ணே. இவங்க என்னைப் பாத்து வாயத் தொறந்ததும் எனக்கு மனசு நெறஞ்சிருச்சி" என்று அழுதாள். நான் அவளுக்கு நாற்காலியை இழுத்துப் போட்டேன்.

டீச்சரிடம் கோபப்பட்டேன். இப்படி வருகிறவர்களை எல்லாம் ஊட்ட விடலாமா என்று கேட்டேன். "நல்ல மனசோட வர்றவங்கள கைய வைக்காதீங்கன்னு எப்படிச் சொல்றது அண்ணே? அவுங்க மொகம் சுளிச்சிட்டா அடுத்த வாரம் வரமாட்டாங்க. அப்புறம் இத்தன பேருக்கு நான் என்னாத்தப் போடுறது?" என்றார். நானும் அதே ஞாயிற்றுக்கிழமையைக் கேட்டு வாங்கியவன்தானே. இதில் யாரைப் பிடித்து உலுக்குவது? நீயே சொல், யாரை?

அம்மா பிழைத்துக்கொண்டாள். இனி வாய்வழியாக எதுவுமே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மூக்கில் குழாய் போட்டு அதன் வழியாகத்தான் பால். குழாய் என்றதும் மற்ற இல்லங்கள் எல்லாம் கையை விரித்துவிட்டன, டீச்சர் மட்டும்தான் சரி என்றார். வேலையை விட்டுவிட்டு வீட்டில் இருந்தால் அந்தப் பாலை வாங்க வழியில்லை. ஆகவே அம்மாவைத் திரும்பவும் டீச்சரிடமே கொண்டுபோய் விட்டிருக்கிறேன். ஆமாம், அதே இடம்தான். திட்ட வேண்டுமென்றால் திட்டு. நீ வந்து திட்டினால் எனக்கு எவ்வளவு நன்றாக இருக்கும் தெரியுமா?

குழாய் போட்ட பிறகாவது விடுவார்களா என்றால், இல்லை. "ஒரு வாய்தானே, நாக்குக்கு ருசியா" என்று பாயசத்தைக் கொண்டுவருகிறார்கள். அதனால் மேனேஜரிடம் கெஞ்சி ஞாயிற்றுக்கிழமை ஷிப்டை மாற்றிக்கொண்டேன். உபயம் முடிகிறவரை அம்மாவின் நாற்காலிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன்.

இன்றைக்கும் அங்கேதான் இருந்தேன். இளவயசுக்காரர் ஒருவர் தன் அப்பாவின் திதிக்குச் சாப்பாடு கொண்டுவந்திருந்தார். வரிசையாகத் தட்டுக் கொடுத்துக்கொண்டே வந்தவர் என் முன்னால் குனிந்து, "சாப்புடுங்க தாத்தா" என்று என் மடியிலும் ஒன்றை வைத்துவிட்டுப் போனார். நான் இங்கே இருப்பவன் இல்லை என்று சொல்ல நினைத்தேன், தட்டு சரியாமல் பிடித்துக்கொண்டேன். பெண்டாட்டி பிள்ளை இல்லாதவன், இன்னும் கொஞ்ச வருடத்தில் இதே வரிசைதானே?

தட்டில் சூடாகச் சோறு, அவர்கள் வீட்டு ரசம், அப்பளம். அந்த வாசனைக்கு அம்மா கண்ணைத் திறந்தாள். தட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். இத்தனை நாள் என் கையால் ஒரு பருக்கைகூட வாங்க மறுத்தவள், குழாய் ஆட ஆட, என்னைப் பார்த்து வாயைத் திறந்தாள்.

நான் தட்டை நாற்காலிக்கு அடியில் தள்ளிவிட்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். அவள் வாயை மூடவே இல்லை அக்கா. வெகுநேரம் திறந்தபடியே காத்திருந்தாள்.

உனக்கு நான் கொடுக்க முடிந்த வாக்கு ஒன்றே ஒன்றுதான். அவள் இருக்கும்வரை ஒவ்வொரு ஞாயிறும் அவள் பக்கத்தில் இருப்பேன். இனி ஒருவரும், நான் உட்பட, நம் அம்மாவுக்கு ஒரு வாய் சோறு ஊட்டிவிடாமல் பார்த்துக்கொள்வேன்.

உன் கூடப்பிறந்தவன்,
தம்பி மணியம்