கழற்றிப் போட்ட சாரி கார்டு

2-2-92, ஞாயிறு

காலையில் பனி. சேக்காடு ரோட்டில் எதிரே வரும் ஆள் தெரியவில்லை. லைசென்ஸ் வந்தாயிற்று, வண்டிதான் இல்லை. சேகர் (இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் எனக்குப் பக்கத்து மிஷின்) தன் வண்டியில் வந்து கூட்டிப் போனான். என்னைவிட அவனுக்குத்தான் அவசரம்.

பார்த்த பழைய வண்டிகள்:

புல்லட். பட்டாபிராம், மிலிட்டரிக்காரர் ஒருவருடையது. நான் உதைத்த லட்சணத்தில் கிக்கர் திருப்பி அடித்தது. கெண்டைக்கால் வீக்கம். ஆசை தீர்ந்தது.

டூ ஸ்ட்ரோக், சிவப்பு. அம்பத்தூர். சேகர் வண்டி மாதிரியே. என்ன பிக்கப்! ஒரு முறுக்கு முறுக்கினேன், அடிவயிறு ஜில்லென்று ஆகிவிட்டது.

ஃபோர் ஸ்ட்ரோக், கறுப்பு. திருநின்றவூர் வாத்தியார் ஒருவருடையது. தாழ்வான நீள சீட், காய்கறிப் பை மாட்டக் கொக்கி. பின்சக்கரத்தில் புடவை சிக்காமல் இருக்க சாரி கார்டு, அதோடு சேர்ந்து கீழே, ஒருக்களித்து உட்காருகிறவர் கால் வைக்க லேடீஸ் ஃபுட்ரெஸ்ட். "குடும்ப வண்டிடா" என்றான் சேகர். சிரித்தோம்.

சிவப்புதான். சந்தேகமே இல்லை.

5-2, புதன்

வண்டி வாங்குவதே பாதி அப்பாவுக்காக. ரிடையர் ஆன வருஷமே முட்டி ஆபரேஷன். வலது கால் சரியாக மடங்குவதில்லை. சைக்கிள் போயிற்று, ஃபேக்டரி கேட் டீக்கடை சிநேகிதர்கள் போனார்கள். ஆட்டோ கூப்பிட்டால் "நான் என்ன பேஷண்டா?" என்பார். வீட்டுக்குள்ளேயே கிடந்து ஆளே பாதியாகிவிட்டார்.

சாயங்காலம் சேகர் வந்திருந்தான். அப்பா சும்மா பார்ப்பதுபோல வெளியே வந்து, அவன் வண்டியைப் பிடித்துக்கொண்டு காலைத் தூக்கினார். ஏறவில்லை. இன்னொரு தரம். ம்ஹூம். சைலன்சர் சூடாக இருக்கிறது, அப்புறம் பார்க்கலாம் என்று உள்ளே போய் ரேடியோவைச் சத்தமாக வைத்தார். வண்டி வந்து ரொம்ப நேரம் ஆகியிருந்தது. சைலன்சர் ஆறிப்போய்த்தான் இருந்தது.



இதே அப்பாதான். நான் சின்னப் பையனாக இருந்தபோது, ஞாயிறு ஆனால் ஒரே சைக்கிளில் மூன்று பேரும் பூந்தமல்லி சித்தி வீட்டுக்கு. முன்பாரில் துண்டைச் சுற்றி என்னை வைப்பார். கேரியரில் அம்மா, ஒருக்களித்து, மடியில் தூக்குவாளி. பருத்திப்பட்டு ஏரி தாண்டியதும் ரோடு காலியாக இருக்கும். ஒரே மிதி. என் காதில் காற்று, முதுகில் அவர் மூச்சு. இன்னும் வேகமாப்பா, இன்னும் வேகமா என்று கத்துவேன். இரண்டு கையையும் விட்டுவிடுவார் மனுஷன். உலகத்தில் என் அப்பாவைப்போல ஓட்ட ஆள் இல்லை என்று நினைத்திருந்தேன். இப்போதும் அப்படித்தான்.

8-2, சனி

கறுப்பையே எடுத்தாயிற்று. சீட் தாழ்வு, அப்பா ஏறிவிடுவார். சேகருக்குக் கோபம். சிவப்பை நினைத்தால் எனக்கும் வயிறு எரிகிறதுதான்.

பிள்ளையார் கோயிலில் சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம். நேரே மெக்கானிக் தாஸ் ஷெட். இந்தப் பக்கத்தில் கல்யாணமாகாத பையன் வண்டி வாங்கினால் முதல் வேலை சாரி கார்டைக் கழற்றுவது. நானும் சொன்னேன், அவனும் ஃபுட்ரெஸ்டோடு சேர்த்துக் கழற்றி மூலையில் எறிந்தான். அது இல்லாமல் வண்டி கொஞ்சம் வயசு குறைந்த மாதிரி தெரிந்தது. சந்தோஷமாகத்தான் இருந்தது.

9-2, ஞாயிறு

அப்பா வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு காலையிலேயே தயார். டீக்கடைக்குப் போவதாகத் திட்டம்.

தாழ்வான சீட்டிலும் கால் ஏறவில்லை. நான் பிடித்தேன், அம்மா பிடித்தாள். எதிர்வீட்டில் எட்டிப் பார்த்தார்கள்.

"ஒரு பக்கமா உக்காருங்களேன். இத்தனை வருசம் நான் உக்காரல?" என்றாள் அம்மா.

"பொம்பள மாதிரியா?"

உள்ளே போய்ச் சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டார். உட்கார்ந்தாலும் கால் வைக்க இடம் ஏது? அதைத்தான் நேற்று கழற்றி எறிந்தேனே, புத்திகெட்டவன்.

14-2, வெள்ளி

பகலில் வெயில் ஏற ஆரம்பித்துவிட்டது. ஃபர்ஸ்ட் கியரில் இன்னும் குலுக்குகிறேன். கிளட்சை மெதுவாக விட வேண்டும்.

அம்மா குழாயடிக்குப் போயிருந்தாள். அப்பா மெதுவாகப் பக்கத்தில் வந்து, ஹேண்டிலைத் துடைக்கிற மாதிரி நின்றுகொண்டு கேட்டார்.

"அந்தக் கம்பிய திருப்பி மாட்ட முடியுமாடா?"

 தலையை ஆட்டினேன்.

15-2, சனி

தாஸ் ஷெட். விஷயத்தைச் சொன்னதும் அவனுக்கு ஒரே குஷி.

"இன்னா மாமே, பொண்ணு பாத்துகினு சொல்லவே இல்ல?"

எங்கப்பாவுக்கு என்றேன். அதற்குமேல் அவன் கிண்டல் செய்யவில்லை. சாரி கார்டு ஷெட்டுக்குப் பின்னால் கிடந்தது, அதன்மேல் ஆயில் துணி காயப் போட்டிருந்தான். நல்லவேளை, காயலான் கடைக்குப் போகவில்லை. துடைத்து மாட்டிக் கொடுத்தான்.

16-2, ஞாயிறு

பூந்தமல்லி, சித்தி வீடு. அப்பாவும் நானும்.

வேட்டியைச் சேர்த்துப் பிடித்து, ஒருக்களித்து உட்கார்ந்தார். இரண்டு காலும் ஃபுட்ரெஸ்டில். எதிர்வீட்டுப் பிள்ளைகள் சிரித்தன. அவர் பார்க்காத மாதிரி இருந்துவிட்டார். என் வயிற்றைச் சுற்றி ஒரு கை. சின்ன வயதில் நான்கூட அவரை இப்படிப் பிடித்ததில்லை.

பருத்திப்பட்டு ஏரி வந்தது. மூன்றாவது கியர்தான், ஒரு சைக்கிள்காரன்கூடக் கொஞ்ச தூரம் எங்களோடு வந்தான். வயிற்றில் கை இறுகியது.

"மெதுவாடா... மெதுவா."

சித்தி வீட்டில் அதிரசம் சாப்பிட்டார். திரும்பி வரும்போது ஏதோ யோசனையிலேயே இருந்தார். கால் வலியோ என்று பயந்தேன்.

வீட்டுக்கு வந்து, தண்ணீர் குடித்து, அம்மாவைப் பார்த்துக் கேட்டார்.

"அப்பல்லாம் நான் கைய விட்டு ஓட்டுவேனே... பயமா இருந்திருக்குமே. ஒரு தடவகூட சொல்லலியே நீ."

அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"சொன்னேன். காத்துல உங்களுக்குக் கேக்கல."

அப்பா தம்ளரைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார். பிறகு வாசலில் நின்ற வண்டியைக் காட்டினார்.

"அடுத்த ஞாயித்துக்கிழம நீ போய்ட்டு வா. அவன் மெதுவா ஓட்டுறான்."