அக்கா அனுப்பிய முகக் கிறீம்

கொட்டாஞ்சேனை,
கொழும்பு 13.

அன்புள்ள மகள் ஷாமிலாவுக்கு,

அந்தோனியார் புண்ணியத்தில் நாங்கள் இங்கே சுகமாக இருக்கிறோம், நீயும் மருமகன் றமேஷும் அந்த எட்மன்டன் குளிருக்குள் தடிமன் காய்ச்சல் இல்லாமல் இருக்க வேண்டும் என்று செவ்வாய்க்கிழமைதோறும் கொச்சிக்கடைக் கோயிலில் மெழுகுதிரி கொளுத்திக்கொண்டு வருகிறேன். போனில் கதைத்தால் நீ வேலைக்கு ஓடுகிற அவசரத்தில் பாதிக் கதை காற்றோடு போய்விடுகிறது, மேல்மாடி ஷிம்னாவின் அண்ணன் ஜவாத் உங்கள் பக்கம் வருகிறான், அவனிடம் பார்சல் கொடுக்கிறோம், அதற்குள் இதையும் வைத்தால் ஆறுதலாக இருந்து வாசிப்பாய் என்று நினைத்தேன். என்னுடைய கையெழுத்து கோழி கிளறிய மாதிரி இருக்கும் என்று உனக்குத் தெரியும், அதனால் நான் சொல்லச் சொல்லத் தங்கச்சி டெனிஷா எழுதுகிறாள். எங்கள் வீட்டின் முதல் பட்டதாரி எழுதுகிற கடிதம், பிழை இருந்தால் களனிப் பல்கலைக்கழகத்திடம்தான் கேட்க வேண்டும் என்று அப்பா கதவடியில் நின்று சொல்கிறார்.

பட்டமளிப்புப் படம் எங்கே எங்கே என்று நீ இத்தனை நாளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறாய், நாங்களும் வரும் வரும் என்று சமாளித்துக்கொண்டிருந்தோம். உண்மை என்னவென்றால் தங்கச்சியின் முகம் முழுக்கப் பரு போட்டு, அவள் படத்துக்கு நிற்கமாட்டேன் என்றுவிட்டாள். நீ வீடியோவில் வந்தபோதெல்லாம் வயிற்றுக்குத்து, தலையிடி, குளிக்கிறாள் என்று சொன்னதும் அதனால்தான். எதனால் வந்தது என்பதையும் சொல்லப்போகிறேன், ஆனால் கடைசியில் உன்னிடம் கேட்க வேண்டிய ஒரு விசயம் இருக்கிறது, அந்த ஒரு வரியை மட்டும் நான் எழுதமாட்டேன் அம்மா, அக்காவுக்கு மனம் நோகும் என்று இவள் இப்போதே பேனையை மூடி வைத்துவிட்டாள். சரி, அதைப் பிறகு பார்ப்போம், நீ மற்றதை எழுது என்று சொல்லித் திரும்பவும் திறக்க வைத்திருக்கிறேன்.

நீ வருசத் தொடக்கத்தில் அனுப்பின அந்த ஓர்கானிக் சாமான்கள் எவ்வளவு வடிவான போத்தல்கள், மரமூடியும் இலைப்படமும். முதியோர் இல்லத்தில் இரவு இரவாக நின்று உழைத்த காசில் அக்கா எனக்கு வாங்கியிருக்கிறாள் என்று தங்கச்சி அதை மாதாவின் படத்துக்குப் பக்கத்தில் அடுக்கி வைத்தாள். காலையில் ஒன்று, படுக்கப்போகும் முன் ஒன்று, கிழமைக்கு ஒருக்கால் உருட்டித் தேய்க்கிறது ஒன்று, நீ எழுதி அனுப்பின ஒழுங்கு பிசகாமல் பூசினாள். அங்கே உனக்கு அது நல்லதுதான் மகள், போனில் பார்க்கும்போதே உன் முகம் எண்ணெய் பூசின வெண்கலம் மாதிரிப் பளபளக்கிறது, நான் பொய் சொல்லவில்லை. ஆனால் இங்கே கொட்டாஞ்சேனையில் காற்றாடி சுழன்றாலும் கழுத்தில் வியர்வை ஓடுகிறது, அந்தத் தடித்த கிறீம் போத்தலுக்குள்ளேயே உருகி எண்ணெயாகிவிட்டது. அதைப் பூசிக்கொண்டு களனி பஸ்ஸில் நெரிபட்டுப் போய் வந்தால், பொரித்தெடுத்த வடை மாதிரி முகம் மினுங்கும். அங்கே உன் முகம் தண்ணீர் கேட்கிறது, இங்கே இவளுடைய முகம் காற்றுக் கேட்கிறது, அது எங்களில் ஒருவருக்கும் விளங்கவில்லை. முதலில் நாடியில் இரண்டு, பிறகு கன்னம், பிறகு நெற்றி. விடு பிள்ளை என்றால், அழுக்கு வெளியே வருகிறது, அக்கா சொன்னவள் முதலில் அப்படித்தான் வருமாம் என்று சொல்லி, முகம் எரிந்தாலும் இன்னும் கூடப் பூசினாள்.

இனி என்னுடைய கெட்டித்தனத்தைக் கேள். போத்தலில் வருவது என்ன நேச்சரல், நேச்சரல் என்றால் எங்கள் குசினியில் இருப்பதுதான் என்று நான் வீராப்பாகச் சொல்லி, பட்டமளிப்புக்கு முந்தின கிழமை பச்சை மஞ்சளை அரைத்துத் தேசிக்காய்ப் புளியைப் பிழிந்து விட்டுக் குழைத்து அவளுடைய முகத்தில் அப்பினேன். எரியுது அம்மா என்றாள், எரிந்தால்தான் வேலை செய்கிறது என்றேன். கழுவிப் பார்த்தால் மஞ்சளும் போகவில்லை, அதற்குக் கீழே முகம் தக்காளிப்பழம் மாதிரிச் சிவந்து வீங்கியிருக்கிறது. பிள்ளை கண்ணாடியைப் பார்த்துவிட்டு அழவுமில்லை, கத்தவுமில்லை, போய்ச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள், எனக்கு அதுதான் தாங்க முடியவில்லை. ஓடிப்போய் ஷிம்னாவைக் கூட்டிக்கொண்டு வந்தேன், அவள் வெள்ளவத்தையில் ஒரு பார்மசியில் வேலை செய்கிறாள். வந்து பார்த்தவள் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, ஆன்ட்டி, மொகத்த என்ன சம்பல்னு நெனச்சீங்களா, தேசிக்கா புளிஞ்சி உட்டீக்கிறீங்க என்று கேட்டாள். சுவர்ப்பக்கம் திரும்பிக் கிடந்தவள் அதைக் கேட்டுச் சிரித்துவிட்டாள், சிரிக்கவும் முகம் இழுத்து நொந்திருக்கிறது, ஐயோ ஷிம்னா அக்கா, சிரிக்க வைக்காதேங்கோ என்று அழுதாள். ஷிம்னா அடுத்த நாளே அவளைத் தோல் டொக்டரிடம் கூட்டிக்கொண்டு போனாள். டொக்டர் ஒரு மருந்து தந்து, மற்ற எல்லாவற்றையும் நிற்பாட்டச் சொன்னாராம், கடைச் சாமானையும் அம்மாவின் சாமானையும் சேர்த்து. அந்தக் கடைசிச் சொல்லை டொக்டர் சொன்னாரா இதை எழுதுகிறவள் சேர்த்தாளா என்று எனக்கு இன்னும் சந்தேகம்.

முகம் கொஞ்சம் ஆறினபிறகு பூசுவதற்கு ஏதாவது லேசானது வாங்க நாங்கள் மூவரும் வெள்ளவத்தைக்குப் போனோம். ஒரு கடையில் சுவர் முழுக்க இலை, பூ, மரம் என்று படம் போட்ட சாமான்கள். நிற்கிற பெண் எதைக் கேட்டாலும் ஒக்கோம நேச்சரல் அக்கே, எல்லாம் நேச்சரல் என்கிறாள். ஒரு சின்னப் போத்தலை எடுத்து ஒரு கிழமையில் வெள்ளையாக்கும் என்றாள், நான் ஆசையாகக் கையை நீட்டினேன், ஷிம்னா என் கையில் ஒரு தட்டுத் தட்டினாள். செய்தவருடைய பெயரும் இல்லை, உள்ளே என்ன என்றும் இல்லை, திகதியும் இல்லை, இப்படி அவசரமாக வெளுக்கிறதுக்குள்ளே பாதரசம் கூட இருக்கலாம், இலைப்படம் யாரும் அச்சடிக்கலாம் என்று காதுக்குள்ளே சொன்னாள். வாசனை தூக்கலாக இருக்கிறதை, அது பூவிலிருந்து எடுத்த எண்ணெயாக இருந்தாலும், இப்போது இவளுடைய முகத்துக்கு வேண்டாம் என்றாள். முழுக்க இயற்கை என்கிற சாமான் எங்கள் வெக்கைக்குக் கெதியாகப் பழுதாகும், அதனால் சின்னப் போத்தலாக வாங்கித் திறந்த திகதியை மூடியில் எழுத வேண்டுமாம். கடைசியில் வாசமில்லாத கற்றாழை ஜெல் ஒன்றும் மென்மையான பேஸ் வொஷ் ஒன்றும் வாங்கினோம், அதையும் முதலில் முழங்கை மடிப்பில் தடவி இரண்டு நாள் பார்க்கச் சொன்னாள். நான் குசினிக்குள் யோசனையாக நின்றாலே இப்போது தங்கச்சி வந்து என் கையில் என்ன இருக்கிறது என்று பார்த்துவிட்டுப் போகிறாள்.

பட்டமளிப்பு நாள் இதற்கு நடுவில்தான் வந்தது. இருமல் என்று சொல்லி மாஸ்க்கைப் போட்டுக்கொண்டு மேடைக்கு ஏறினாள், இருமவே இல்லை. மேடையில் நின்ற பெரியவருடைய கையிலிருந்து பட்டத்தை வாங்கும்போது எடுத்த படத்தில் கறுப்பு அங்கியும் இரண்டு கண்ணும்தான் தெரிகிறது. அப்பாவுக்கு உள்ளுக்குள்ளே கவலை, ஒருகொடவத்தைக் கொள்கலன் யார்டில் வாழ்நாள் முழுக்கப் பெட்டி எண்ணின மனுசன், மகளின் படத்தைப் பிறேம் போட ஆணி கூட அடித்து வைத்திருந்தார். ஆனாலும் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இது சீல் வைச்ச கொள்கலன், உள்ளுக்கு என்ன சாமான் எண்டு ஆரும் கையெழுத்து வைக்கேலாது என்றார். நாங்கள் சிரித்தோம், இவள் சிரிக்கவில்லை. அங்கியைத் திருப்பிக் கொடுக்கிற நாளும் கிட்டிவிட்டது, பிறகு எந்த உடுப்போடு படம் எடுக்கிறது. கெஞ்சிப் பார்த்தேன், முகத்தில் அடையாளம் இருக்கிறது அம்மா, காலம் முழுக்கச் சுவரில் தொங்கும், வருகிற சனமெல்லாம் பார்க்கும் என்றாள். அதுவும் நியாயம்தான்.

கடைசி நாள் அப்பாதான் அவளைப் படம் எடுக்கிற ஸ்ரான்லியின் ஸ்ரூடியோவுக்குக் கூட்டிக்கொண்டு போனார், நானும் பின்னால் போனேன். அங்கே போய் அங்கியைப் போட்டாள், தொப்பியைப் போட்டாள், மாஸ்க்கை மட்டும் கழற்றவில்லை. ஸ்ரான்லி கமராவுக்குப் பின்னால் காத்துக்கொண்டு நிற்கிறான். அப்பா தொண்டையைச் செருமி, கஸ்டம்ஸ் வந்திட்டுது மகள், சீலை உடையுங்கோ என்றார். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அடக்கப் பார்த்து முடியாமல் மாஸ்க்கை இழுத்துக்கொண்டே வாயைத் திறந்து சிரித்தாள், ஸ்ரான்லி அந்த இடத்திலேயே கமராவை அமுக்கிவிட்டான். பிறகு கம்பியூட்டரில் பருவெல்லாம் துடைத்து, நாங்கள் கேட்காமலே நிறத்தையும் ஏற்றிக் காட்டினான், இப்ப எல்லாரும் இப்பிடித்தான் அன்ரி கேக்கினம் என்றான். நான், தம்பி வடிவாத்தான் இருக்கு, ஆனா இது ஆரின்ர பிள்ளை, நான் கூட்டிக்கொண்டு வந்ததைத் திருப்பித் தா என்றேன். கடையில் மிச்சக் காசு கேட்கவே வெட்கப்படுகிற உன் தங்கச்சி அப்போது எழும்பி, ஸ்ரான்லி அண்ணா, இந்த முகத்தோடதான் படிச்சனான், இதையே போடுங்கோ என்று சொன்னாள். அப்பா வெளியே போய் வெகுநேரம் பஸ் பார்த்தார், அவருக்கு எந்த பஸ்ஸிலும் போக வேண்டியிருக்கவில்லை. அந்தப் படம்தான் பார்சலில் துணிக்கு நடுவில் இருக்கிறது, கன்னத்தில் இருக்கிற சிவப்பைப் பார்த்துப் பயப்படாதே, இப்போது பாதிக்கு மேல் போய்விட்டது.

நீ அனுப்பின ஒன்றும் வீணாகவில்லை, அதையும் சொல்ல வேண்டும். அந்தத் தடித்த கிறீமை அப்பா வெடித்த குதிகாலுக்குப் பூசுகிறார், இப்போது அவருக்குக் கனடாக் குதிகால், கோயிலில் செருப்பைக் கழற்றும்போது ஒரு பெருமை வேறு. பார்சலில் உனக்கு மிளகாய்த்தூளும் மருமகனுக்கு மாசிக் கருவாடும் வைத்திருக்கிறேன், மஞ்சள் வைக்கவில்லை, காரணம் தெரியும்தானே. நேரத்துக்குச் சாப்பிடு, வேலை முடிந்து வரும்போது காதை மூடிக்கொண்டு வா, உன்னுடைய போத்தல்களிலும் திகதியைப் பார். மாதாவின் கை உங்கள் இரண்டு பேருடைய தலையிலும் எப்போதும் இருக்கட்டும்.

அந்த வரியை எழுதச் சொல்லித் திரும்பவும் கேட்டுப் பார்த்தேன், தலையை ஆட்டுகிறாள். பேனையைத் தா என்று வாங்கிவிட்டேன், இனி வருவது என்னுடைய கோழி எழுத்து.

ஷாமி, இனி கிறீம் அனுப்பாதை பிள்ளை. கோவமில்லை. நீ அனுப்பினதெண்டுதான் அவள் எரிய எரியப் பூசினவள். இன்னும் அனுப்பினா இன்னும் பூசுவாள்.

உன் அம்மா,
மேபல் சவுந்தரநாயகம்