ஏற நாலு மணி நேரம்

சின்னக்குட்டி,

காட்டு மலைக்குக் கிளம்பிவிட்டேன். உன்னை எழுப்பவில்லை. எழுப்பினால் நேற்றைய சண்டையை விட்ட இடத்திலிருந்து ஆரம்பிப்பாய். "அம்மா போய் மூணு மாசம்கூட ஆகல, உனக்கு இப்ப மலை கேக்குதாப்பா?" என்றாய். நியாயமான கேள்விதான்.

சோறு குக்கரில் இருக்கிறது. பத்து மணிக்குக் குழாய் ரிப்பேர்காரர் வருவார். அவரிடம் பேச்சுக் கொடுக்காதே, வேலை நடக்காது.

போகிற வழியையும் நேரத்தையும் எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டியிருக்கிறேன். முப்பது வருஷம் பஸ் டிப்போவில் டைம் கீப்பராக இருந்தவன், நிமிஷம் பிசகாது. ஏற நாலு மணி நேரம், இறங்க மூன்று. சாயங்காலம் ஆறு மணிக்கு வீட்டில் இருப்பேன்.

அப்பா

பி.கு.: ஷூ மாட்டும்போதுதான் உறைத்தது. தனி ஆள் ஏற இரண்டு மணி நேரமே அதிகம். முட்டி வலியோடு உன் அம்மா அங்கங்கே உட்கார்ந்து உட்கார்ந்து ஏறுவாளே, அதையும் சேர்த்து எழுதிவிட்டேன். அடித்துத் திருத்த மனசு வரவில்லை. அவள் உட்காரும் கல்லிலெல்லாம் நானும் உட்கார்ந்துவிட்டுத்தான் வருவேன். ஆறு மணிவரை தேடாதே.