வேறு வருமானம் இல்லை

கோப்பாய் தெற்கு
21.09.2025

அன்புள்ள பராசக்திக்கு,

நான் சுகம். நீரும் மகள் ஜெயகௌரியும் பேரப்பிள்ளைகளும் லண்டன் குளிரில் சுகமாக இருக்க முருகன் துணை நிற்கட்டும். போன கிழமை நீர் கேட்டதற்கெல்லாம் “ஓம், ஓம்” என்று மட்டும் சொன்னேன். தொலைபேசித் திரையில் உம்முடைய முகத்தைப் பார்த்துக்கொண்டு இதைச் சொல்ல வாய் வரவில்லை. அதனால்தான் தபாலில் எழுதுகிறேன்.

மாத்திரைகளை ஒழுங்காகப் போடுகிறேன். கிணற்று மோட்டரைத் திருத்தியாயிற்று. பின்வளவு முருங்கை காற்றுக்கு முறிந்துவிட்டது.

தை மாதம் இருதயத்துக்கு ஸ்டென்ட் வைத்தபோது, இனி ரியூசன் வகுப்பு எடுப்பதில்லை என்று உமக்கு வாக்குத் தந்தேன். நீர் மாசியில் மகளிடம் போனீர். பங்குனியில் திருநெல்வேலியில் ஒரு கல்வி நிலையத்தில் மறுபடி கணக்கியல் வகுப்புத் தொடங்கிவிட்டேன். கிழமைக்கு நாலு நாள். நல்லூர்க் கோயிலில் நிற்கிறேன் என்று உமக்குச் சொன்ன பின்னேரங்களில் எல்லாம் வகுப்பு வாசலில்தான் நின்றேன். பொய்க்குச் சாமியையும் இழுத்துவிட்டேன்.

இன்னும் இருக்கிறது. சித்திரையில் இருந்து வங்கிகள் வைப்பு வட்டியில் பத்து வீதம் வரி பிடிக்கின்றன. உம்முடைய மானிப்பாய்ச் சீதனக் காணியை விற்று என் பெயரில் போட்ட பணத்துக்கு மாதம் தொண்ணூற்று மூவாயிரம் வந்தது. அதில் ஒன்பதாயிரத்துச் சொச்சம் குறைந்தது. என்னுடைய அரசாங்க ஓய்வூதியத்துக்கு வரி இல்லை, அதைக் கணக்கில் சேர்ப்பதுமில்லை. மற்ற வருமானம் எல்லாம் சேர்ந்து வருடம் பதினெட்டு இலட்சத்துக்குள் என்றால், அப்படி உறுதி கூறி ஒரு படிவத்தில் கையெழுத்து வைக்கலாம். பிறகு வட்டியில் பிடிக்கமாட்டார்கள். வட்டி மட்டும் பதினொரு இலட்சம். வகுப்புக் காசையும் சேர்த்தால் இருபதைத் தாண்டும். இருபத்தெட்டு வருடம் பள்ளிக்கூடத்தில் கணக்கியல் படிப்பித்தவனுக்கு இந்தக் கூட்டல் தெரியாமல் இல்லை.

ஆனியில் வங்கிக்குப் போனேன். அங்கே மேசையில் இருந்தவள் என்னிடம் உயர்தரம் படித்த வினோஜா. என்னைக் கண்டதும் எழும்பி நின்றாள்.

“வட்டியைத் தவிர வேறை வருமானம் ஒண்டும் இல்லைத்தானே, சேர்?”

“இல்லைப் பிள்ளை. பென்சன் மட்டும்தான்.”

பேனையைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தாள். பிறகு படிவத்தை என் பக்கம் திருப்பி வைத்தாள். கையெழுத்து வைத்தேன். வகுப்பு விஷயம் எழுத்தில் வந்தால் உம்முடைய காதுக்கு எட்டிவிடும், அதனால்தான் மறைத்தேன் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். அது பாதி உண்மை. மாதாமாதம் ஒன்பதாயிரம் போவது எனக்கு நொந்தது, அதுதான் மற்றப் பாதி.

ஆவணிக் கடைசியில் ஒரு சனிக்கிழமை. வகுப்பு முடிந்து கையெல்லாம் சோக்குத் தூளோடு வெளியே வருகிறேன், வாசலில் ஸ்கூட்டியோடு வினோஜா நிற்கிறாள். முன்வாங்கில் இருக்கும் கெட்டிக்காரப் பிள்ளை அவளுடைய மகளாம். சித்திரையில் இருந்து எனக்கு வகுப்புக் காசு கொடுத்தனுப்பியதே அவள்தான். அந்தப் பேனையைப் பிடித்துக்கொண்டு பார்த்தபோது அவளுக்கு எல்லாம் தெரியும், பராசக்தி. “வணக்கம் சேர்” என்று அன்றைக்கும் இறங்கி நின்றுதான் சொன்னாள். ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன்.

திங்கட்கிழமை வங்கிக்குப் போய், வகுப்புக் காசும் வருகிறது என்று சொல்லிப் படிவத்தைத் திருப்பிக் கேட்டேன். முகாமையாளர் வினோஜாவைக் கூப்பிட்டார். “வேறை வருமானம் இருக்கோ எண்டு இவரிட்டைக் கேட்டனீங்களோ?” என்றார். அவள் நிலத்தைப் பார்த்தபடி, “இல்லை சேர், கேக்க மறந்திட்டன்” என்றாள். எழுத்தில் விளக்கம் தரச் சொல்லி எல்லோருக்கும் முன்னால் அவளை ஏசினார். நான் படிவத்தை வாங்கி மடித்துச் சட்டைப்பையில் வைத்தேன். நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்தேன். ஆம், நன்றி சொன்னேன்.

பலாலி வீதி பஸ் வந்து நின்றது. நடத்துநர் “ஏறுங்கோ ஐயா” என்று இரண்டு முறை கூப்பிட்டார். நான் ஏறவில்லை. வங்கிக்கே திரும்பிப் போனேன். வரிசையில் நின்றவர்களுக்கும் கேட்கத்தக்கதாக முகாமையாளரிடம் சொன்னேன்: “அந்தப் பிள்ளை கேட்டவ. நான்தான் இல்லையெண்டு பொய் சொன்னனான்.” நின்றவர்களில் இரண்டு பேர் என் பழைய மாணவர்கள். வினோஜா தலை நிமிரவில்லை. “ஏன் சேர் திரும்பி வந்தனீங்கள்?” என்று மெதுவாகக் கேட்டாள்.

விளக்கக் கடிதம் வேண்டாம் என்று விட்டுவிட்டார்கள். இறைவரித் திணைக்களத்தில் என் பெயரில் கோப்புத் திறந்து, வகுப்புக் காசையும் காட்டிவிட்டேன். கட்ட வேண்டியதைக் கட்டுவேன். ஆனால் வினோஜாவின் மகள் மூன்று கிழமையாக வகுப்புக்கு வரவில்லை. தாய்க்கு என்னைப் பார்க்க வெட்கமோ, என்னை நினைத்து வெட்கமோ தெரியாது. கேட்க எனக்கு முகம் இல்லை.

ஏன் வகுப்புக்குப் போனீங்கள் என்று கேட்பீர். காசு தேவைப்படவில்லை. நீர் போன பிறகு இந்த வீட்டில் யாரும் என்னைக் கூப்பிடுவதில்லை. அங்கே அறுபது பிள்ளைகள் “சேர்” என்பார்கள். இதை நியாயமாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

இதை ஜெயகௌரிக்கு வாசித்துக் காட்டவேண்டாம். அவளுக்குத் தகப்பன் ஒரு நேர்மையான மனிதனாகவே இருக்கட்டும். விசாவை இன்னும் ஆறு மாதம் நீட்டப் போவதாகச் சொன்னீர். மறுக்க எனக்கு இப்போது உரிமை இல்லை. வகுப்பை விடுங்கோ என்றால் விடுகிறேன். உமக்குக் கோபம் வரும், வரவேண்டும். தொலைபேசியில் ஏசவேண்டாம். ஏசுவதற்காகவாவது ஒருக்கால் வீட்டுக்கு வாரும்.

உம்மை எதிர்பார்த்திருக்கும்,
சீவரத்தினம்