தலைமடையில் தொடங்கிய முறை

உத்தமபாளையம்
திங்கட்கிழமை

விஜய்ராஜுக்கு,

எட்டு வருடம் வாயை மூடிக்கொண்டு இருந்துவிட்டேன். இனிமேல் இருக்கப் போவதில்லை.

நீயும் தேவயானியும் பெங்களூரில் சுகமாக இருப்பீர்கள். இருங்கள். என் சுகத்தை நீ விசாரித்து வெகுகாலம் ஆகிறது, அதனால் அதைப் பற்றி எழுதவில்லை. வாட்ஸ்அப்பில் அனுப்பிப் பார்த்தேன். ஒற்றை டிக்கோடு நிற்கிறது, என் எண்ணைத் தடுத்து வைத்திருக்கிறாய். தபால்காரரை உன்னால் தடுக்க முடியாது என்பதால் தாளில் எழுதுகிறேன். கடைசிவரை படி. உன்னிடம் ஒரு வேலை ஆக வேண்டியிருக்கிறது. அதை உன்னைத் தவிர வேறு யாராலும் செய்ய முடியாது. இதை ஒப்புக்கொள்வது எனக்கு எவ்வளவு கசப்பு என்பது உனக்குத் தெரியும்.

நேற்று நம் வாய்க்கால் சங்கக் கூட்டத்துக்கு நீ போனில் வந்தாய். உன் அண்ணன் சீனிச்சாமி, இப்போதைய தலைவர், செல்போனை மேசை மேல் வைத்து ஸ்பீக்கரில் போட்டார். நீ பேசியது அரை நிமிடம்கூட இருக்காது. "நெட்வொர்க்ல இணைச்ச மிஷின்ல என்ன வேணும்னாலும் மாத்தலாம்ணே" என்றாய். காலையிலிருந்து நாங்கள் பட்டபாடு அந்த அரை நிமிடத்தில் மண்ணாய்ப் போனது. அந்த அறையில் அதுவரை என்ன நடந்தது என்று உனக்கு யாரும் முழுதாகச் சொல்லியிருக்க மாட்டார்கள். நான் சொல்கிறேன்.

இந்த வருடம் வாய்க்காலுக்கு நாற்பது நாள் தண்ணீர்தான். பற்றாக்குறை வருடத்தில் நம் வழக்கம் என்ன என்பதை நீ மறந்திருக்க முடியாது. ஒரு பற்றாக்குறையில் வாய்க்காலின் தலைமடையில் தண்ணீர் முறை தொடங்கினால் அடுத்த பற்றாக்குறையில் கடைமடையில் தொடங்க வேண்டும். கடைசியாக அப்படி முறை வைத்தது ஐந்நூறு ரூபாய் நோட்டு செல்லாமல் போன வருடம். அன்று தலைமடையில், உங்கள் வயலில்தான் முதல் மடை திறந்தது. ஆகவே இந்த முறை கடைமடைக்காரர்களுக்கு. உன் அண்ணன் இல்லை என்கிறார். அன்றே கடைமடையில் தொடங்கியாயிற்று, இது தலைமடையின் முறை என்கிறார். அந்த வருடத்து முறையை எழுதி வைத்த சங்கத்து நோட்டு, கூரை ஒழுகி நைந்துபோனதாம். அலமாரியில் இருபத்திரண்டு நோட்டுகள் இருக்கின்றன. மழை மிகச் சரியாக அந்த ஒன்றைத் தேடிப் போய் நனைத்திருக்கிறது.

தலைமடையில் தொடங்கினால் நாற்பது நாளில் தண்ணீர் கடைமடையை எட்டாது. அங்கே கிணறு இல்லாத குடும்பங்கள் முப்பத்தொன்று. ராயப்பன்பட்டி கிருபாவதி அக்கா நாற்றங்கால் போட்டுப் பதினெட்டு நாள் ஆகிறது. குடத்தில் தண்ணீர் சுமந்து ஊற்றி நாற்றை உயிரோடு வைத்திருக்கிறாள்.

அந்த வருடத்துப் பட்டியல் இன்னொரு இடத்தில் இருப்பது எனக்குத் தெரியும், உனக்கும் தெரியும். நாம் இரண்டு பேரும் கல்லூரி முடித்த கையோடு முறைப்பட்டியலுக்கு நிரல் எழுதிக் கொடுத்தோமே, அந்தப் பழைய கம்ப்யூட்டரில். உன் அப்பா அழகுமலை தலைவராக இருந்தவரை பட்டியல் முழுவதும் அதில்தான் போட்டோம். பிறகு இடி விழுந்தது. பிரிண்டர் வழியாக மின்னல் இறங்கி பிரிண்டர் போர்ட்டும் யுஎஸ்பியும் செத்தன. நான் பிளக்கைப் பிடுங்காததால்தான் கெட்டது என்று சொல்லி உன் அண்ணன் என்னை ஆபரேட்டர் வேலையிலிருந்து நிறுத்தினார். அன்று நான் உன் அப்பாவோடு, அவருடைய கடைசி நாட்களில், மதுரை ஆஸ்பத்திரியில் இருந்தேன். நீ ஊரில் இல்லாததால், உனக்குப் பதிலாக. அண்ணனிடம் இதைச் சொல் என்று உன்னைக் கேட்டேன். "விடுடா, அவரு அப்படித்தான்" என்றாய். எட்டு வருடமாக விட்டுக்கொண்டிருக்கிறேன்.

அந்தக் கம்ப்யூட்டரைக் காயலான் கடைக்குப் போட உன் அண்ணன் இரண்டு முறை ஆள் வரச் சொன்னார். இரண்டு முறையும் மடை திறந்துவிடும் மலைச்சாமி குறுக்கே நின்றிருக்கிறான். ஆயுதபூஜை வாங்கிய சாமானைப் பழைய இரும்புக்குப் போடக் கூடாது என்பது அவன் கட்சி. யூரியா மூட்டைக்குப் பின்னால் சாக்குப் போட்டு மூடி வைத்து, வருடா வருடம் அதற்குப் பூஜையும் செய்து வந்திருக்கிறான்.

கிருபாவதி அக்கா போன வாரம் என் கடைக்கு வந்தாள். ஜெராக்ஸ் எடுக்க வந்தவர்களை எல்லாம் ஒதுங்கச் சொல்லிவிட்டு, "அந்தப் பொட்டிக்குள்ள இருக்கிறதை வெளிய எடுக்க முடியுமா, முடியாதா? படிச்சவுக மாதிரி சுத்தி வளைக்காம சொல்லுங்க" என்று கேட்டாள். முடியும் என்றேன். ஹார்ட் டிஸ்கைக் கழற்றி என் கடையில் வைத்துப் பத்து நிமிடத்தில் எடுத்துவிடலாம். ஆனால் என் கடைக்குள் வைத்து எதையோ மாற்றிவிட்டான் என்று உன் அண்ணன் சொல்வார். திரையில் மட்டும் காட்டினால் போதாது; கழற்றாமல், சங்கத்திலேயே, எல்லார் கண் முன்னாலும் தாளாக எடுக்க வேண்டும். பிளாப்பி டிரைவ் துருப்பிடித்துவிட்டது. மீதி ஒரே வழி, உள்ளே ஒரு நெட்வொர்க் கார்டைச் செருகி, சங்கத்து லேப்டாப்போடு கேபிளில் இணைப்பது. அல்லிநகரத்தில் பழைய சாமான் கடையில் ஒரு அட்டைப்பெட்டி முழுவதும் கிளறி அந்தக் காலத்து கார்டு ஒன்றைக் கண்டுபிடித்தேன். அதன் டிரைவரைத் தேடி எடுத்து சிடியில் எழுதிக்கொண்டேன். விண்டோஸ் 98 சிடி என்னிடம் இருந்தது. நான் எதையும் தூக்கிப் போடுகிறவன் இல்லை என்று நீயே கேலி செய்திருக்கிறாய்.

நேற்றுக் காலை பத்து மணிக்கு அறுபது பேருக்கு முன்னால் வேலையைத் தொடங்கினேன். பிளக்கைப் பிடுங்கினேன். பிடுங்கிவிட்டேன் என்று உன் அண்ணனைப் பார்த்துச் சத்தமாகவே சொன்னேன். தகரத்தைத் தொட்டுக் கையில் இருந்த மின்சாரத்தை இறக்கிவிட்டு, பின்பக்கத் தகட்டின் திருகைக் கழற்றி, வெள்ளை ஸ்லாட்டில் கார்டை அழுத்தினேன். திரும்ப எல்லாவற்றையும் மாட்டி சுவிட்சைப் போட்டேன். கம்ப்யூட்டர் எழுந்தது. புதிய சாதனம் ஒன்று கண்டேன் என்று அது சொல்ல வேண்டும். சொல்லவில்லை. இரண்டாவது முறையும் சொல்லவில்லை. அடுத்த ஸ்லாட்டுக்கு மாற்றினேன். அப்போதும் இல்லை. "என்னப்பா டாக்டரு, பொணத்துக்கு ஊசி போடுறியா" என்றார் உன் அண்ணன். தலைமடை வரிசை முழுவதும் சிரித்தது. கிருபாவதி அக்கா எழுந்து, "தலைவரே, மடை வெட்டுறப்ப உங்க மம்பட்டிக் காம்பு ஒடிஞ்சுச்சே, அன்னைக்கு நாங்க சிரிச்சமா?" என்று கேட்டாள். அதற்கும் சிரித்தார்கள், இந்த முறை எங்கள் பக்கம்.

கார்டை வெளியே எடுத்து வெளிச்சத்தில் பார்த்தேன். கீழ் விளிம்பில் தங்க நிறத்துத் தொடுமுனைகள் இருக்குமே, அவற்றின் மேல் மஞ்சளாக ஏதோ பொடி. முகர்ந்தேன். சந்தனம். டார்ச் அடித்து உள்ளே பார்த்தால் மூன்று ஸ்லாட்டிலும் சந்தனம் காய்ந்து கட்டியாக இறங்கியிருக்கிறது, மேலே தூசி மூடிக் கறுத்த குங்குமம். மலைச்சாமி முன்னால் வந்தான். பயப்படவில்லை. "பின்ன எங்கன வைக்கிறது? வெளிய வெறுந்தகரம். மூடியத் தெறந்தா உள்ள வெள்ளையா மூணு கோடு, நெத்தி மாதிரியே இருந்துச்சு. அங்கன வச்சேன். வருசத்துக்கு ஒண்ணு" என்றான். நான் கோபப்பட்டிருக்க வேண்டும். முடியவில்லை, விஜய். அந்தச் சங்கத்தில் அந்தக் கம்ப்யூட்டருக்கு மரியாதை கொடுத்த ஒரே மனிதன் அவன்தான்.

பல் விளக்கும் பிரஷ்ஷும் ஸ்பிரிட்டும் வாங்கி வரச் சொன்னேன். ஒரு ஸ்லாட்டை மட்டும் முக்கால் மணி நேரம் சுரண்டினேன். மலைச்சாமி டார்ச் பிடித்தான். காற்றாடிக்குக் கீழே காயவைத்துவிட்டு எல்லாரும் டீ குடித்தோம். உன் அண்ணன் எங்களோடு குடிக்கவில்லை, தனியாக வரவழைத்துக் குடித்தார். பிறகு கார்டைச் செருகி சுவிட்சைப் போட்டேன். புதிய சாதனம் என்று திரையில் வந்தது. டிரைவர் கேட்டது, கொடுத்தேன். விண்டோஸ் சிடி கேட்டது, கொடுத்தேன். ஐபி எண்ணைக் கையாலேயே அடித்தேன், பழையதற்குப் பதினொன்று, லேப்டாப்புக்குப் பத்து. பிங் கொடுத்ததும் நான்கு வரி பதில் வந்தது, இரண்டும் பேசத் தொடங்கிவிட்டன. இந்தக் காலத்து விண்டோஸ் அந்தக் காலத்து விண்டோஸோடு கோப்பைப் பகிர்ந்துகொள்ளாது. அதனால் லேப்டாப்பில் எஃப்டிபி வைத்துப் பழையதிலிருந்து அனுப்பினேன். பதினைந்து வருடப் பட்டியலும் கண் மூடித் திறப்பதற்குள் போய்விட்டது.

அனுப்புவதற்கு முன்பே பழைய திரையில் நிரலைத் திறந்து எல்லாருக்கும் காட்டியிருந்தேன். முதலில் அந்த நீலத்திரை வந்தது. ஆக்கியவர்: அ. விஜய்ராஜ். அவ்வளவுதான். "உங்க பேரு எங்க?" என்று கிருபாவதி அக்கா என்னைக் கேட்டாள். நானூற்றுப் பன்னிரண்டு வயலின் அளவையும் ஒவ்வொரு வரப்பாக நடந்து குறித்து, உட்கார்ந்து அடித்தவன் நான். அடுத்த விசையை அழுத்தினேன்.

பட்டியல் வந்தது. வரிசை எண் ஒன்று, அழகுமலை, தலைமடை. கடைசி வரிசையில் கிருபாவதி. அவளுக்கு நேராக, தண்ணீர் எட்டவில்லை என்று குறிப்பு. உன் அப்பா சொல்லச் சொல்ல நான் அடித்த குறிப்பு அது.

கடைமடைக்காரர்கள், இனி என்ன பேசுவது என்பதுபோல் உன் அண்ணனைப் பார்த்தார்கள், அவ்வளவுதான். அவர் திரையின் மூலையைக் காட்டினார். உள்ளே இருக்கும் பேட்டரி செத்ததால் தேதி இரண்டாயிரம் ஜனவரி என்று நிற்கிறது. "தேதியே தெரியாத மிஷினு, இது சொல்றதை நம்பணுமாக்கும்" என்றார். பிறகு, "கார்டை உள்ள விட்டான்ல, பட்டியலையும் அது வழியாவே உள்ள விட்டிருப்பான்" என்றார். கார்டு எப்படி வேலை செய்கிறது என்று தெரியாதவர்கள் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். உடனே, எழுதினவனையே கேட்போம் என்று உன்னை அழைத்தார். நீ பெங்களூரில் பெரிய கம்பெனியில் இருப்பவன், பொய் சொல்ல மாட்டாய் என்று எல்லாருக்கும் எண்ணம்.

நீ பொய் சொல்லவில்லை. நெட்வொர்க்கில் இணைத்த மிஷினில் மாற்றலாம், உண்மைதான். ஆனால் உன் பட்டியலில் மாற்றினால் தெரிந்துவிடும் என்பதை நீ சொல்லவில்லை. ஒவ்வொரு பட்டியலையும் முடித்ததும் அடியில் ஒன்பது இலக்க எண் ஒன்று வரும்படி எழுதினாயே. ஏக்கரும் மணிக்கணக்கும் வரிசையும் போன பட்டியலின் எண்ணும் சேர்ந்து அந்த எண் பிறக்கும். ஒரு பெயரை இடம் மாற்றினாலும் அடுத்த பட்டியலின் எண் ஒத்துவராது. அதைக் கணக்கிடும் விதியை நான் கேட்டபோது நீ சொல்லித் தரவில்லை. "ஒருத்தனுக்குத்தான்டா தெரிஞ்சிருக்கணும், அப்பத்தான் அது பூட்டு" என்றாய்.

இத்துடன் மூன்று தாள் வைத்திருக்கிறேன். இரண்டு, நேற்று அச்செடுத்த அந்த வருடத்துப் பட்டியலும் அதற்கு அடுத்த வருடத்துப் பட்டியலும். மூன்றாவது, அந்த அடுத்த வருடத்து நோட்டின் ஜெராக்ஸ். மிஷினை முழுதாக நம்பாமல் உன் அப்பா ஒவ்வொரு எண்ணையும் தன் கையால் நோட்டில் எழுதி வைப்பார். அந்த நோட்டு நனையவில்லை. அதையும் நனைக்க வேண்டும் என்று உன் அண்ணனுக்குத் தோன்றவில்லை. மிஷினில் வேண்டாம், உன் விதிப்படி நீயே கணக்கிட்டுப் பார். இந்தப் பட்டியல் பொய்யானால் உன் அப்பா எழுதியிருக்கும் எண் வராது. வந்தால், அது அன்றைக்கு இருந்த பட்டியலேதான்.

வரும் ஞாயிற்றுக்கிழமைக்கு அடுத்த ஞாயிறு மறுபடியும் கூட்டம். அன்றுதான் எந்த மடை முதலில் என்று முடிவாகும். அதற்கு முன் என்னை அழைக்க வேண்டாம். அண்ணனைத் தனியாக அழைத்துச் சமாதானம் பேசவும் வேண்டாம். அன்று அதே மேசையில், அதே ஸ்பீக்கரில், அறுபது பேரும் கேட்கும்படி, எண் ஒத்துவருகிறதா இல்லையா என்று ஒரு வார்த்தை சொல். நேற்றைப்போல அரை நிமிடம் போதும். என்னைப் பற்றி நல்லதாக ஒன்றும் சொல்ல வேண்டாம். நான் உன்னிடம் எதையும் மன்னிக்கவும் இல்லை. உன் கல்யாண ஆல்பத்தில் நான் இல்லாதது உட்பட எல்லாம் அப்படியே இருக்கிறது. அது நமக்குள் கிடக்கட்டும். அந்த நாற்று இன்னும் பதினைந்து நாள்தான் தாங்கும்.

தேவயானிக்கும் பிள்ளைகளுக்கும் என் ஆசி. நோய்நொடி இல்லாமல், உன் அப்பா பெயர் சொல்லும்படி இருங்கள்.

கடிதத்தை இங்கே முடித்து, கையெழுத்துப் போட்டு, உறையிலும் போட்டுவிட்டேன். கிருபாவதி அக்கா, ஜெராக்ஸ் எடுக்கத் தன் பொறுப்பில் சங்கத்திலிருந்து கொண்டுவந்து தந்த நோட்டைத் திருப்பி வாங்க வந்தவள், என்ன எழுதினேன் என்று கேட்டாள். படித்துக் காட்டினேன். "பாதிக்கு மேல உங்க சண்டையால்ல இருக்கு" என்றாள். பிறகு, "கீழ உங்க பேரைப் போட்டா, வேலை போனவன் வயித்தெரிச்சல்னு ஒத்தை வார்த்தையில தள்ளிருவாக. தாளு பேசட்டும், நீங்க ஒதுங்கிக்கோங்க" என்றாள். எனக்குக் கோபம் வந்தது. அவள் போன பிறகும் வெகுநேரம் இருந்தது. சண்டையை எடுக்க முடியாது, அது எட்டு வருடம் சேர்ந்தது. பெயரை எடுக்கலாம். கடைசித் தாளைக் கிழித்துவிட்டுத் திரும்ப எழுதியிருக்கிறேன். எழுதியது யார் என்று உனக்குத் தெரியும். உன் அண்ணனிடம் இதைக் காட்ட நேர்ந்தால் அவர் கைக்கு எண்கள் மட்டும் போகட்டும். நாளைக் காலை முதல் தபாலில் இதைச் சேர்க்கிறேன், பெயர் போடாமலேயே.