இருநூறு வாட் ஹீட்டர்

இன்று மத்தியானம் என் வீட்டு மீன் தொட்டியில், ஹீட்டரின் சின்னச் சிவப்பு விளக்கு தானாக அணைந்தது. தண்ணீர் இருபத்தெட்டு டிகிரிக்கு வந்துவிட்டது, இனி சூடாக்க வேண்டாம் என்று அர்த்தம். இந்தக் காட்சியை நீ உன் ஆயுசில் பார்த்ததில்லை. உன் தொட்டியில் அந்த விளக்கு இடைவிடாமல் எரிந்துகொண்டே கிடந்தது. அதையும் ஒரு பெருமையாகச் சொல்லித் திரிந்தாயே, அதை நினைத்தால் இப்போதும் எரிச்சல்தான் வருகிறது.

செத்துப்போனவர்களைப் பற்றி நல்லதுதான் பேச வேண்டுமாம். உனக்கு அந்தச் சலுகை கிடையாது. நீ ஒரு தலைக்கனம் பிடித்த மனுஷன். தேயிலைத் தொழிற்சாலையில் முப்பது வருஷம் டிரையருக்குப் பக்கத்தில் நின்று தூள் காயவைத்தவன், அதனால் உலகத்துச் சூடெல்லாம் உன் உள்ளங்கைக்குள் அடக்கம் என்று நினைப்பு. அதே தொழிற்சாலையில் நான் எலக்ட்ரீசியன். உன் டிரையரின் மோட்டார் நின்றுபோன ஒவ்வொரு தடவையும் ஓடி வந்தவன் நான். அது உனக்கு ஞாபகமே இருக்காது.

பங்குக் கோயிலில் கிறிஸ்துமஸ் குடில் போட்டி வைத்தால், வண்டிப்பெரியாரில் எந்த வீட்டுக் குடிலையும் நீ விட்டுவைத்ததில்லை. இங்கே வைக்கோல் சரியில்லை, அங்கே ஒட்டகம் ஆட்டைவிடச் சின்னது. ஒருநாளும் ஜெயிக்காதவன் பேசுகிற பேச்சா அது? அப்புறம் ஒரு வருஷம், குடிலுக்கு நடுவில் நிஜக் குளம் வைக்கப்போகிறேன் என்று கிளம்பினாய். நூறு லிட்டர் கண்ணாடித் தொட்டி. அதில் ஆறு டிஸ்கஸ் மீன், ஒவ்வொன்றும் சாஸர் அளவு. குளிர் துளியும் ஆகாத மீன். மஞ்சு இறங்கும் டிசம்பரில், இந்த மலையில், உனக்கு அதுதான் கிடைத்தது!

மலைக்குக் கீழே கம்பத்தில் மீன் விற்கிற கடைக்காரன் சொன்னதை வேதவாக்காக எடுத்துக்கொண்டு நூறு வாட் ஹீட்டரோடு வந்தாய்.

"லிட்டருக்கு ஒரு வாட்டு. நூறு லிட்டருக்கு நூறு வாட்டு. முடிஞ்சிது சோலி. இதுக்கு ஒரு எலக்ட்ரீசியன் வேணுமாக்கும்?"

"எலே, அது கம்பத்துக் கணக்குல. அங்க தண்ணி சும்மா வச்சாலே இளஞ்சூடா கெடக்கும். இங்க பதினாலுக்கு எறங்கும். அளக்க வேண்டியது தொட்டிய இல்ல, குளிர" என்றேன். இன்னொன்றும் சொன்னேன். நம் எஸ்டேட் லயத்து வரிசை வீடுகளுக்கு வரும் கரண்டில், வோல்டேஜ் கால்பங்கு குறைந்தாலே ஹீட்டரின் சூடு பாதிக்குப் பக்கத்தில் போய்விடும். கொட்டாவி விட்டாய்.

ஒரு வாரம் கழித்து வந்து பார்க்கிறேன். ஆறு மீனும் ஹீட்டரை ஒட்டி ஒரே மூலையில் நிற்கின்றன. விளக்கு அணையவே இல்லை. "பாத்தியால, வச்ச நாள்லருந்து விடாம எரியுது. அடிபொளி சாமான்!" என்கிறாய். அட முட்டாளே, விளக்கு அணையவில்லை என்றால் ஹீட்டருக்குத் தெம்பு போதவில்லை என்று அர்த்தம். எவ்வளவு எரிந்தாலும் எட்ட வேண்டிய சூட்டை அது எட்டவே இல்லை.

அந்தச் சனிக்கிழமை நான் பஸ் பிடித்துக் கம்பம் போனேன். இருநூறு வாட் ஹீட்டர் ஒன்று வாங்கினேன். உனக்காகத்தான். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கொடுக்கலாம் என்று பையில் வைத்துக் கோயிலுக்கே கொண்டுவந்தேன். வாசலில் நீ பத்துப் பேருக்கு நடுவில் நின்று, என்னைப் பார்த்ததும் சத்தமாகச் சொன்னாய்: "வாடே! கம்பியப் பிடிச்சி ஷாக் அடிச்சுக் கெடந்தவனெல்லாம் எனக்கு மீன் வளக்கச் சொல்லித்தாரான், கேட்டியளா!"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பையை வீட்டுக்குக் கொண்டுபோய், ஹீட்டரைத் தகரப் பெட்டியில் கம்பளிக்கு அடியில், நாப்தலின் உருண்டைகளோடு வைத்துப் பூட்டினேன். கெட்டுப்போ என்று நினைத்தேன். அப்படியே, இந்த வார்த்தையிலேயே நினைத்தேன்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின சாயங்காலம் லயம் முழுக்க நட்சத்திர விளக்கு, சீரியல் பல்பு. இருநூற்று முப்பது இருக்க வேண்டிய வோல்டேஜ் என் வீட்டு வோல்ட்மீட்டரில் நூற்றெழுபதுக்கு விழுந்ததைப் பார்த்தேன். உன் தொட்டியில் என்ன நடக்கும் என்று இந்த ஊரில் தெரிந்த ஒரே ஆள் நான். பெட்டி ஐந்தடி தூரத்தில் இருந்தது. உன் வீடு நாலு வீடு தள்ளி. நான் கேக் வெட்டித் தின்றுகொண்டிருந்தேன்.

மறுநாள் பங்குச் சாமியாரான அச்சன் குடில் பார்க்க இளைஞர்களோடு வந்தபோது நானும் கூடவே வந்தேன். வேடிக்கை பார்க்கத்தான், வேறென்ன? மீன்கள் ஆறும் பக்கவாட்டில் சாய்ந்து மிதந்தன. நீ புதுச்சட்டையின் கை முழுக்க நனைய, தண்ணீருக்குள் கையை விட்டுக்கொண்டு நின்றாய். விளக்கு அப்போதும் எரிந்துகொண்டிருந்தது.

"சொன்னேன்லா" என்றேன்.

நீ கடைக்காரனைத் திட்டுவாய், கரண்ட் ஆபீஸைத் திட்டுவாய், கடைசியில் என்னையே திட்டுவாய் என்று காத்திருந்தேன். நீ அச்சன் பக்கம் திரும்பினாய். "இந்தச் சவரி அப்பமே படிச்சிப் படிச்சிச் சொன்னான் அச்சா. நாந்தான் கேக்கல. அவன் கணக்குதான் சரி."

அத்தனை பேர் முன்னால், குரலைத் தாழ்த்தாமல் சொன்னாய். முப்பது வருஷம் உன்னை மட்டமாக நினைத்தவனுக்கு, பிடித்துக்கொள்ள ஒன்றும் மிச்சம் வைக்காமல் செய்தாய். அதற்காகவும் உன்மேல் எனக்கு ஆத்திரம்தான். அதன்பிறகு நீ மீன் வாங்கவில்லை. தொட்டியில் உன் மனைவி மேரி சின்ன வெங்காயம் போட்டு வைத்தாள். எத்தனை தடவை அந்த வெங்காயத்தைப் பார்த்துக்கொண்டே உன் வீட்டில் காப்பி குடித்திருக்கிறேன்! என் பெட்டிக்குள் இருப்பதை ஒருநாளாவது உன்னிடம் சொல்லியிருக்கலாம். இந்த மழைக்காலத்தில் நீயும் போய்விட்டாய்.

முந்தாநாள் மேரி அந்தத் தொட்டியை ஆள் வைத்துத் தூக்கிவந்து என் வாசலில் இறக்கினாள். "ஆஸ்பத்திரில கெடக்கும்போ சொன்னாரு அண்ணே. தொட்டிய சவரிட்ட குடுத்துரு, அவனுக்குத்தான் சூட்டுக் கணக்கு தெரியும்னு." வெங்காயச் சருகு இன்னும் மூலையில் ஒட்டியிருந்தது. கழுவித் தண்ணீர் ஊற்றினேன். பெட்டியைத் திறந்தேன்.

இன்று விளக்கு அணைந்தபோது மேரியும் வந்திருந்தாள். கண்ணாடியில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். "நல்ல சூடா இருக்கே. ஹீட்டர் புதுசா அண்ணே? எப்ப வாங்குனிய?"

"நேத்துதான்" என்றேன்.

"அதான பாத்தேன். அன்னைக்கே ஒங்க கையில இப்படி ஒண்ணு இருந்திருந்தா, நீங்க சும்மாவா இருந்திருப்பிய?"

தொட்டி மூடியைச் சரிசெய்வதுபோலக் குனிந்துகொண்டேன். அவள் போய்விட்டாள். அவளிடம் சொல்ல எனக்குத் தைரியம் வராது, இனிமேலும் வராது. உன்னிடம் சொல்கிறேன். சும்மாதான்ல இருந்தேன்.